ஓய்வுக்காலத்தில் மரப் பாய்மரப் படகு கட்டுவது எப்படி

படகு கட்டும் ஆசை பணி ஓய்வுக்குப் பிறகு வந்திருந்தால், முதலில் நீளத்தைக் குறையுங்கள். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் ஏறினால், இரண்டு மடங்கு நீளமான படகு எட்டு மடங்கு எடை இருக்கும். மரச் செலவு இருக்கட்டும், அதைப் புரட்டுகிற முதுகு நம்முடையது. 12லிருந்து 14 அடி போதும், இரண்டு பேர் தாராளமாகப் பாய் விரித்துப் போகலாம், முக்கியமாகக் கட்டி முடிக்கலாம்.

அடுத்தது, படகு எங்கே கிடக்கப்போகிறது? தண்ணீரிலேயே கிடக்குமானால், ஒரு பலகையின் விளிம்பில் அடுத்த பலகை ஏறி உட்காரும் கிளிங்கர் முறையில், செம்பு ஆணியடித்து முழு மரத்திலேயே கட்டலாம். டிரெய்லரில் நிறுத்திவைத்து எப்போதாவது இறக்குவதானால் அந்தப் பலகை காய்ந்து சுருங்கி, இறக்கும்போதெல்லாம் ஒழுகும். அப்படி நிறுத்திவைப்பவர்களுக்கு பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்தில் வரும் மெரைன் பிளைவுட்டை (படகுக்கென்றே செய்யும் ஒட்டுப்பலகை) அதே கிளிங்கர் வடிவில், இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சி பசையால் ஒட்டுவதுதான் சரி. மரபு பேசுபவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். எபாக்சியை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள், ஒவ்வாமை வந்துவிட்டால் திரும்பப் போகாது.

வரைபடத்தை முழு அளவில் தரையில் வரையும் வேலையில் எவ்வளவு நாள் போனாலும் பரவாயில்லை. வளையக்கூடிய நீளமான மரச்சட்டத்தை ஆணிகளுக்கு இடையே வளைத்துக் கோடு போட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து ஒரு முனையிலிருந்து பார்த்தால் மேடு பள்ளம் உடனே தெரியும். அளவுகோல் ஒன்று சொல்லி கண் வேறொன்று சொன்னால் கண்ணை நம்புங்கள். முட்டி ஒத்துழைக்காதவர்கள் முழு அளவில் அச்சிட்டே வரும் வரைபடம் வாங்கிவிடலாம், இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

பலகைகளுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுச் சட்டங்களைத் தலைகீழாக நிறுத்தி, பெரும்பாலான வேலை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே வருகிற உயரத்தில் வையுங்கள். ஏராவை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டி வரும் முதல் பலகைதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, நன்றாக முறுக்கிக்கொண்டு போகும். அதற்கு முதலில் மலிவான மரத்தில் ஒரு மாதிரி வெட்டிப் பாருங்கள்.

பிளைவுட்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டலாம். வங்குகளுக்கு, அதாவது படகின் உள்ளே வளைந்து நிற்கும் விலா மரங்களுக்கு, சூளையில் உலர்த்திய மரம் வேண்டாம், வளைக்கும்போது முறியும். ஈரம் முழுக்கப் போகாத ஓக் அல்லது ஆஷ் எடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது பொதுவான கணக்கு. நீராவிப் பெட்டியிலிருந்து எடுத்த பிறகு அரை நிமிடம்கூடக் கிடைக்காது, அதனால் கிளாம்ப்களை முன்பே திறந்துவைத்து, தடித்த கையுறையோடு உதவிக்கு ஒருவரையும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓக்கில் இரும்பு ஆணி அடிக்காதீர்கள், அதன் துவர்ப்புச் சத்து ஆணியையும் தின்னும், மரத்தையும் கறுப்பாக்கும்.

அப்புறம் மரத்தில் பூசும் ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

பாய்க்கு, சாய்ந்த கழியில் தொங்கும் நாற்கோண லக் வகையே நல்லது. பாய்மரம் குட்டை, கயிறுகள் குறைவு, ஒற்றை ஆளாகவே ஏற்றி இறக்கலாம்.

முழு மரப் படகானால் இறக்கிய அன்றே பாய் கட்டாதீர்கள். பலகைகள் உப்பிப் பொருந்த சில நாள் ஆகும், அதுவரை ஆழமில்லாத இடத்தில் கட்டிப்போட்டு, காலையும் மாலையும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் ஒரே இடத்தில் ஒழுகினால்தான் படகைக் கரையேற்றிப் பார்க்க வேண்டும்.