கிராம சபைக்குக் கிளம்புமுன் ஒரே ஒரு குறிக்கோள்

"ஊரைத் திருத்தணும்" என்பது குறிக்கோள் ஆகாது. "கார் சாகுபடிக்குத் தண்ணி திறக்குமுன் நம்ம குளத்து மடையை அடைத்திருக்கும் அமலைச்செடியை (ஆகாயத்தாமரை) எடுக்கணும்" என்பதுதான் குறிக்கோள்.

முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்தால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குறைவென்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். மனுக்கள் சறுக்குவது இங்கேதான். இடம் மாறிய தாள் மேசை மேசையாகச் சுற்றும்.

அடுத்து நாள். கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் வேண்டுமானால் மார்ச் 22 கிராம சபையைப் பிடியுங்கள். மே 1 வரை காத்திருந்தால் நேரம் பத்தாது. 501 முதல் 3000 பேர் உள்ள ஊராட்சிக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வரவேண்டியவர்கள், 100 பேர். தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பெடுங்கள். பீடி சுற்றும் வீடுகளுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அன்றைய கணக்கை விட்டு வரமாட்டார்கள்.

தீர்மானத்தில் சர்வே எண்ணும் மடையின் பெயரும் இருக்கட்டும். "ஆவன செய்யப்படும்" என்ற ஒற்றை வரிக்கு மசியாதீர்கள். வருகைக்குப் போடும் கையெழுத்தின் மேலேயே பிறகு தீர்மானம் எழுதுவதும் உண்டு. வெற்றிடத்தைக் கோடிட்டு அடித்துவிட்டு, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அசைவில்லையா? திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தீர்மான நகலுக்கு, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வரவேண்டும்.