வீட்டில் எழுதிய டிவிடி பிளேயரில் ஓடவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டரில் ஓடுகிற கல்யாண டிவிடியை அப்புச்சி வீட்டு பிளேயரில் போட்டால் படிக்க மாட்டேன் என்கிறது. உடனே பிளேயர் மேல் பழி போட்டு, ஈரோட்டுக்கோ கோபிக்கோ ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அதற்கு முன் கடையில் வாங்கிய ஒரிஜினல் டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் கோளாறு பெரும்பாலும் நாம் எழுதிய டிஸ்க்கில்தான். "கம்ப்யூட்டர்ல ஓடுதுங்களே" என்பது சாட்சியே இல்லை. கம்ப்யூட்டர் கண்டதையும் படிக்கும். பிளேயர் தனக்குத் தெரிந்த சில வகைகளை மட்டும்தான் படிக்கும்.

அதிகம் நடக்கிற தவறு, போனில் எடுத்த சீர் வீடியோவை எம்பி4 கோப்பாகவே இழுத்துப் போட்டு எழுதிவிடுவது. அது வெறும் டேட்டா டிஸ்க். பிளேயர் தேடுவது 'வீடியோ_டிஎஸ்' (VIDEO_TS) என்ற ஃபோல்டரை. படமும் ஒலியும் அதிலுள்ள விஓபி (VOB) கோப்புகளில் இருக்கும். எது எங்கே தொடங்குகிறது என்று ஐஎஃப்ஓ (IFO) கோப்புகள் சொல்லும். அவற்றின் நகல்தான் பியூபி (BUP). டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்ததும் இந்த ஃபோல்டர் கண்ணில் படவில்லையா, கோளாறு அதுதான், அங்கேயே தேடலை நிறுத்திக்கொள்ளலாம். எம்பி4 கோப்பின் பெயரை விஓபி என்று மாற்றி ஏமாற்றப் பார்ப்பவர்களும் உண்டு. பெயர் மாறினால் உள்ளே இருக்கிற வீடியோ மாறிவிடாது. டிவிடிஸ்டைலர் மாதிரியான இலவச மென்பொருளில் கொடுத்தால், டிவிடி பிளேயருக்குத் தெரிந்த எம்பெக்-2 வீடியோவாக மாற்றி, ஃபோல்டரையும் அதுவே கட்டிக்கொடுக்கும். அங்கே நம் ஊர் டிவிகளுக்கான 'பால்' (PAL) முறையைத் தேர்ந்தெடுங்கள்: 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) என்று விட்டுவிட்டால் சில பழைய டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும்.

அப்புறம் பேராசை. முகூர்த்தக்கால் முதல் இணைச்சீர், மங்கல வாழ்த்து, பந்தி வரை எல்லாவற்றையும் 4.7 ஜிபிக்குள் திணித்தால் பட்டுச்சேலையின் சரிகையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு மணி நேரம் வரை ஒரு டிஸ்க், மிச்சத்துக்கு இன்னொன்று என்று பிரிப்பதே நல்லது. நேர் எதிரான தவறும் உண்டு. தரம் வேண்டும் என்று பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவை, உச்ச அளவான 9.8 எம்பிபிஎஸ் வரை ஏற்றினால், வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் படிக்கத் திணறும் பிளேயரில் படம் விக்கி விக்கி ஓடும். 5, 6 போதும்.

எழுதி முடித்ததும் 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது டிஸ்க்கை முடித்து மூடாமல், எடுத்துவிட்டால், எழுதிய மெஷினைத் தவிர மற்ற பிளேயர்களில் அது பெரும்பாலும் ஓடாது. டிவிடி ரெக்கார்டரிலும் டிஸ்க் கேமராவிலும் இதை நாமேதான் மெனுவில் போய்ச் செய்ய வேண்டும்.

முதல் முக்கால் மணி நேரம் நன்றாக ஓடி, தாலி கட்டும் நேரத்தில் உறைந்து நிற்கிறதா? டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. அதிவேகத்தில் எழுதினால் வெளி ஓரத்தில் பிழைகள் சேரும். 16 எக்ஸ் டிஸ்க்காக இருந்தாலும் 8 எக்ஸில் எழுதுங்கள். அழித்து மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பழைய பிளேயர்கள் தடுமாறும். பழைய பிளேயருக்கு ஒரே முறை எழுதும் டிவிடி-ஆர் வாங்குவதுதான் பத்திரம்.

மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கரை மேலே ஒட்டாதீர்கள். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலே சுழலும்போது டிஸ்க் ஆடும், வெயில் காலத்தில் ஓரம் சுருண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெயரை டிஸ்க்குக்கான மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும், அழுத்தாமல்.