கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்த பெற்றோர் மறுபடி அமெரிக்காவில் குடியேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை அமெரிக்கக் குடிமகன் ஆனதும் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு எடுத்துக் கொடுப்பது நம் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாமல், கார் ஓட்டத் தெரியாமல், ஊரில் வீடு வாசலைப் பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்துவிடுபவர்களும் நிறைய. அவர்களில் ஐ-407 படிவத்தில் கையெழுத்துப் போட்டு முறையாக கார்டை சரண்டர் செய்த சிலருக்கு, சில வருடங்கள் கழித்து மறுபடி போக வேண்டிய நிலை வருகிறது. பெரும்பாலும் இருவரில் ஒருவர் காலமான பிறகு. அம்மாவைத் தனியாக விட்டுவைக்கப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. துக்கமும் அவசரமும் சேர்ந்த அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகளில்தான் பெரிய தவறுகள் நடக்கின்றன.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். தானாக முன்வந்து கிரீன் கார்டைக் கொடுத்துவிட்டவருக்கு மறுபடி விண்ணப்பிக்கத் தடை எதுவும் இல்லை. எத்தனை வருடம் கழித்து வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். சரண்டர் செய்தது குற்றப் பதிவும் அல்ல. சொல்லப்போனால், கார்டை பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டு வருபவரைவிட, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவரின் நிலைமை எவ்வளவோ தெளிவானது.

ஆனால் தடை இல்லை என்பதைப் பழைய கார்டுக்கு உயிர் கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்பி-1 என்ற 'திரும்பி வரும் குடியிருப்பாளர்' விசா இருக்கிறதே, அதைக் கேட்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது, திரும்பி வரும் எண்ணத்தோடு கிளம்பி, உடல்நலம் போலத் தன் கையில் இல்லாத காரணத்தால் வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தங்க நேர்ந்தவருக்கானது. அங்கே வசிக்கும் உரிமையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவருக்கு அது பொருந்தாது. டிஎஸ்-117 படிவம், கட்டணம் என்று அதில் செலவிடும் மாதங்கள் வீண்தான்.

உறவினர் உங்களுக்காகப் போட்ட பழைய ஐ-130 குடியேற்ற மனுவும் அப்படித்தான். அதன்மேல் ஒருமுறை குடியேற்ற விசா கொடுத்தாகிவிட்டது என்றால் வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் அதன் பிரயாரிட்டி டேட்டும் அதோடு முடிந்தது. 21 வயது நிரம்பிய குடிமகனின் பெற்றோருக்கு இது பெரிய இழப்பில்லை, அந்தப் பிரிவில் ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. புது மனு, விசாரணை, நேர்காணல் என்று நடைமுறைக்கான காலம் மட்டும் ஆகும். அண்ணனோ தங்கையோ எடுத்த மனுவில் போனவர்களுக்குத்தான் உண்மையான வலி. உடன்பிறந்தோருக்கான எஃப்4 வரிசையில் இந்தியர்கள் 15 ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்து வாங்கிய கார்டை சரண்டர் செய்துவிட்டு மறுபடி கேட்டால், வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆகவே அவர்கள் கையெழுத்துப் போடும் முன்பே நன்றாக யோசித்துக்கொள்வது நல்லது. விமான நிலையத்தில் அதிகாரி படிவத்தை நீட்டினால்கூட அங்கேயே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை உண்டு, அவர் தீர்ப்பு சொல்லும்வரை அந்தஸ்து போகாது.

விசிட்டர் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை

எல்லாத் தவறுகளிலும் மிக ஆபத்தானது இதுதான். அம்மாவுக்கு பி-2 என்ற விசிட்டர் விசா எடுத்து, போய் இறங்கியதும் அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவத்தைப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். பலர் அப்படிச் செய்து கார்டும் வாங்கியிருக்கிறார்கள் என்பதால் நம்பத் தோன்றும். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் உண்மையிலேயே மனம் மாறி விண்ணப்பித்தால் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. தங்கிவிடும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு, 'பேரனைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்புவேன்' என்று தூதரகத்திலோ விமான நிலையத்திலோ சொன்னால் அது பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கியதாகிவிடும். நுழைந்த 90 நாளுக்குள், வந்த காரணத்துக்கு மாறாக நடந்துகொண்டால் சந்தேகம் வலுக்கும். 91-வது நாள் விண்ணப்பித்தால் தப்பித்துவிடலாம் என்றும் அர்த்தமில்லை.

பொய்த் தகவல் என்று முடிவானால் வாழ்நாள் தடை. அதற்கு விலக்கு கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த விலக்குக்குக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி, அல்லது தாய் தந்தை படும் கடும் துன்பத்தைத்தான் காட்ட முடியும். பிள்ளை படும் துன்பம் அந்தக் கணக்கில் வராது. கணவரை இழந்த, அமெரிக்காவில் பிள்ளைகள் மட்டுமே இருக்கும் ஓர் அம்மாவுக்கு அநேகமாக அந்தக் கதவும் மூடிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, கொஞ்சம் தாமதமானாலும் ஊரில் இருந்தபடி புது ஐ-130 வழியாகவே போங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

பழைய வரலாற்றை மறைப்பதும் இதே வகைத் தவறு. விசா படிவத்தில், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி வரும். 'அதெல்லாம் பழைய கதை' என்று நினைத்து 'இல்லை' என்று போட்டுவிடக் கூடாது. உங்கள் கிரீன் கார்டில் இருந்த ஏ-நம்பர் என்ற குடியேற்றப் பதிவு எண் வாழ்நாள் முழுக்க உங்களுடையது, அதைத் தட்டினால் முழுக் கோப்பும் திரையில் வந்துவிடும். சரண்டர் செய்த படிவத்தின் நகல் கையில் இருந்தால் நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள். உண்மையைச் சொல்பவருக்கு அது நல்ல ஆதாரம்.

நேர்காணலில், ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள், இப்போது என்ன மாறியது என்று கேட்கலாம். பதில் எளிமையாக இருக்கட்டும்: அப்போது மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்தேன், இப்போது இங்கே யாரும் இல்லை. சரி, மனதில் இருப்பது உண்மையில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்றால்? அப்படியானால் மறுபடி கிரீன் கார்டே வேண்டாம். அந்த வாழ்க்கைக்கு விசிட்டர் விசாதான் பொருத்தம். போன தடவை கார்டைத் திருப்பிக் கொடுக்க வைத்த அதே சிக்கலில் மறுபடி போய் விழுவானேன்?

வரியை யாரும் நினைப்பதில்லை

கார்டு சரண்டர் ஆனதோடு அமெரிக்க வரித் துறை நம்மை மறந்துவிடும் என்று நினைப்பவர்கள் அநேகம். கடைசி 15 வரி ஆண்டுகளில் 8 ஆண்டுகள் கிரீன் கார்டு வைத்திருந்தவர், அதை விடும்போது 8854 என்ற படிவம் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்தில் ஒரே ஒரு நாள் கார்டு இருந்தாலும் அது ஓர் ஆண்டாகக் கணக்காகும். கொடுக்காமல் விட்டால் 10,000 டாலர் வரை அபராதம். சொத்து மதிப்பு 20 லட்சம் டாலரைத் தாண்டினால் வெளியேறும் வரிக்கு (கார்டை விடும்போது சொத்தின் மதிப்பு உயர்வுக்குப் போடும் வரி) உட்படுவோர் பட்டியலில் சேருவார், அந்தச் சொத்துக் கணக்கில் சென்னை வீடும் சேரும். அவ்வளவு வசதி இல்லாதவருக்கும் ஒரு பொறி உண்டு: முந்தைய 5 ஆண்டு வரிக் கணக்கு ஒழுங்காக இருந்தது என்று உறுதிமொழி தர முடியாவிட்டால் அவரும் அதே பட்டியலில் சேருவார். இந்திய பென்ஷனையும் டெபாசிட் வட்டியையும் காட்டாமலே விட்ட பெற்றோர் எத்தனையோ பேர். அப்படிப் பட்டியலில் சேர்ந்தவர் பின்னாளில் அமெரிக்காவில் உள்ள பிள்ளைக்குப் பெரிய தொகையோ சொத்தோ கொடுத்தால், பெறும் பிள்ளை 40 சதவீத வரி கட்ட நேரலாம். மறுபடி விண்ணப்பிக்கும் முன் இதைத் தெரிந்த ஒரு கணக்காளரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பழைய வருடங்கள் எதற்கெல்லாம் உதவாது

குடியுரிமைக்கான 5 ஆண்டுக் கணக்கு புது கார்டு கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். முன்பு நான்கு வருடம் இருந்தேனே என்பது செல்லாது. பிள்ளை முன்பு கொடுத்த ஐ-864 ஆதரவு உறுதிமொழியும் முடிந்துபோனது. புதிதாக ஒன்று, வறுமைக் கோட்டின் 125 சதவீத வருமானம் காட்டி, கொடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாமே புதிதாகத்தான். அங்கே வேலை பார்த்து சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்த கிரெடிட்கள் மட்டும் அழியாமல் இருக்கும்.

வேலை பார்க்காத பெற்றோருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர்தான் பெரிய கேள்வி. 65 வயதைத் தாண்டியிருந்தாலும், பணம் கட்டி அதில் சேரவே விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகள் தொடர்ச்சியாக அங்கே வசித்திருக்க வேண்டும். நடுவில் ஊரில் கழித்த காலத்தால் அந்தக் கணக்கும் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். அதுவரை அரசு நடத்தும் இன்சூரன்ஸ் மார்க்கெட்பிளேஸில் பாலிசி வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து குடிவந்தவருக்கு அதில் சேர 60 நாள் அவகாசம். பெட்டியைப் பிரித்து அடுக்கி, நேர வித்தியாசத் தூக்கம் சரியாவதற்குள் அதில் பாதி போய்விடும். தவறவிட்டால் நவம்பர் 1-ஆம் தேதி பொதுச் சேர்க்கை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், டிக்கெட் போடும்போதே பிள்ளைகள் பாலிசிகளைப் பார்த்துவைத்துவிடட்டும்.