எட்டுப் பேர்ச் காணியில் வீடு: அறைகளை வரையுமுன் முற்றத்தை வரையுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் அண்ணாவின் காணி எட்டுப் பேர்ச், ஏறத்தாழ 2178 சதுர அடி. நான் கட்டடக்கலை படித்து முடித்து வரைந்த முதல் வீடு அது. நான் தடுக்கிய இடத்தில் நீங்களும் தடுக்கி விழக் கூடாது.

படி 1: காணியில் போய் இருங்கள்

காலையில் ஒரு தரம், பின்னேரம் 4 மணிக்கு ஒரு தரம், நல்ல மழைக்குள் ஒரு தரம். தெற்கில் மட்டும் வெயில் என்று சொல்லும் வெளிநாட்டுப் புத்தகங்களை மூடிவையுங்கள். கொழும்பில் ஜூன் மாத நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே. இரண்டு பக்கமும் தாழ்வாரம் வேண்டும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் அதைத் தாழ்வாரம் மறைக்காது. அந்தப் பக்கத்துக்குப் படிக்கட்டையும் குளியலறையையும் தள்ளிவிடுங்கள்.

படி 2: எத்தனை அறை என்று கேட்காதீர்கள்

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். "விடிய தேத்தண்ணி குடிக்கேக்க மழையைப் பாக்கிற மாதிரி ஒரு இடம் வேணும்" என்றார் அண்ணி. வீடு முழுவதும் அந்த ஒரு வசனத்திலிருந்துதான் பிறந்தது.

படி 3: முற்றம்

இங்கேதான் தடுக்கினேன். நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவன் நான். நடுவில் 6 அடிக்கு 6 அடி முற்றம், சுற்றிவர இரண்டு மாடி என்று பிளானைக் கீறிவிட்டேன். மட்டையில் மாதிரி செய்து வெயிலில் பிடித்தபோது நெஞ்சு விழுந்தது. முற்றம் இல்லை, கிணறு. உச்சி வெயில் தவிர வேறு வெளிச்சம் தரைக்கு இறங்கவில்லை. எங்கள் ஊர் முற்றத்தைச் சுற்றி நின்றது ஒரு மாடி, தாழ்ந்த ஓட்டுக்கூரை. அந்த உயரத்தை நான் எண்ணவே இல்லை.

அன்றிலிருந்து பிளானைக் கீறுமுன் குறுக்குவெட்டு வரைகிறேன், அதாவது வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பது போன்ற படம். 1:50 அளவில் கதிரையில் ஒருவரை இருத்துங்கள். கண் தரையிலிருந்து 4 அடியில் இருக்கும். அங்கிருந்து வானம் தெரிகிறதா? அடுத்து, கூரை விளிம்பிலிருந்து 45 பாகையில் மழைக்கோடு கீறுங்கள். விளிம்பு 8 அடி உயரமானால் 8 அடி உள்ளே வரை தரை நனையும். அதற்கு அப்பால்தான் கதிரை.

முற்றத்தைப் பக்க மதிலோரம் நகர்த்தி, 8 அடிக்கு 18 அடியாக்கி, சாப்பாட்டறையை ஒரு மாடியோடு நிறுத்தினேன். மதிலுக்கு மேலே வானம் வந்தது. காணி எல்லையிலிருந்து மாநகர சபை விடச் சொல்லும் இடைவெளியை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

பகத்தலை வீதியருகே, 33ஆம் ஒழுங்கையில் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் 11ஆம் இலக்க வீட்டை முன்பதிவு செய்து பாருங்கள். அடுத்தடுத்திருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கிய வீடு அது. ஒடுங்கிய இடத்தில் வெளிச்சத்தை எப்படி இறக்குவது என்று அங்கே நடந்தே படிக்கலாம்.

படி 4: அறைகள்

முற்றம் சரியானால் அறைகள் தாமாக அதைச் சுற்றி உட்காரும். இதுவரை 2பி பென்சிலும் ட்ரேசிங் பேப்பர் சுருளும் போதும். கணினியை இப்போதுதான் திறவுங்கள். முந்தித் திறந்தால் கோடு அழகாகத் தெரியும், அழிக்க மனம் வராது.

பிற்சேர்க்கை: முற்றத்துத் தண்ணீர் எங்கே போகும் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். முற்றத் தரையை வீட்டுத் தரையைவிட 9 அங்குலம் தாழ்த்தி, இரண்டு வடிகால் வையுங்கள். ஒன்றை இலை அடைத்தாலும் மற்றது ஓடும். முற்றத்துப் பக்கம் கூரை விளிம்பில் தண்ணீர் ஏந்தும் பீலி வேண்டாம். இலை அடைத்த பீலியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். கூரைத் தண்ணீர் நேரே கூழாங்கல்லில் விழட்டும். அண்ணி இப்போது அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்புகிறார்.