மைக் இருக்கட்டும், முதலில் மெத்தையைத் தூக்குங்கள்

வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்யத் தொடங்குபவர்களின் முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. நானும் செய்தேன். ஒரு சிறுகதையை ஒலிக்கதையாக்கும் ஆசையில், கையிலிருந்த காசையெல்லாம் போட்டுக் கண்டென்சர் மைக் ஒன்று வாங்கினேன். மொசைக் தரையும் வெறும் சுவருமாக இருந்த முன்னறையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுக் கேட்டால், காலியான கல்யாண மண்டபத்தில் யாரோ பேசுவது போலிருந்தது. மைக்கைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த விலைக்கு விசுவாசமாக, என் குரலோடு அறையையும் சேர்த்துப் பதிந்திருந்தது.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டாம். அவ்வளவு சீக்கிரம் திரும்புவதை நம் காது எதிரொலி என்று பிரித்து உணராது. குரலோடு ஒட்டிக்கொண்டு, தகர டப்பாவுக்குள் பேசுகிற தொனியைக் கொடுக்கும். பதிவான பிறகு அதை முழுதாகப் பிரித்தெடுப்பது, காபியில் கரைந்த சர்க்கரையைத் திரும்ப எடுக்கப் பார்க்கிற வேலை.

உடனே முட்டை அட்டை ஒட்டப் போகாதீர்கள். அந்த அட்டைக்கு எடையும் இல்லை, தடிமனும் இல்லை. கீச்சென்ற ஒலிகளைச் சற்றுச் சிதறடிக்கும், அறையின் கும்மென்ற ஒலியை ஒன்றும் செய்யாது. மெல்லிய ஃபோம் பலகைகளும் ஏறக்குறைய அப்படித்தான். இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. அறைக்குள் ஒலி திரும்பாமல் உறிஞ்சுவது ஒரு வேலை. தெருவின் ஒலி உள்ளே வராமல் தடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குக் கனமான சுவரும், காற்றுகூடப் புகாத கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்காது. முதலாவதற்கு வீட்டில் இருப்பதே போதும்: இலவம்பஞ்சு மெத்தை, கனத்த போர்வை, ஜமக்காளம், கொடியில் தொங்கும் துணிகள்.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் மட்டும் நிறுத்துவார்கள். வீட்டுப் பதிவுக்கு வாங்கும் பெரும்பாலான மைக்குகள் தமக்கு முன்னால் இருப்பதையே அதிகம் கேட்பவை. அதாவது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரையும். ஒரே ஒரு மெத்தைதான் இருக்கிறதென்றால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். இரும்பு பீரோவுக்கும் பாத்திர அலமாரிக்கும் பக்கத்தில் உட்காராதீர்கள். சில சுருதிகளுக்கு அவையும் கூடவே பாடும்.

மைக்கில் கண்டென்சர் வகையா, டைனமிக் வகையா என்று கேட்டால், சாலையோர வீட்டில் இருப்பவர்களுக்கு டைனமிக்கையே சொல்வேன். கண்டென்சருக்குப் பாம்புச் செவி. மூன்றாவது வீட்டுக் குக்கர் விசிலும் அதற்குக் கேட்கும். டைனமிக்குக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த மந்தம் நமக்கு வரம். தவிர, எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனைக் கம்பியில் இணைக்கும் ஸ்டுடியோ கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரத்தை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, மைக் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு.

இனி வீட்டின் சத்தங்கள். மின்விசிறியை நிறுத்தாமல் பதிவு செய்யலாம் என்று நினைக்காதவர் இல்லை. சித்திரை மாதத்தில் அந்த நினைப்பு நியாயமாகவும் தோன்றும். ஆனால் விசிறியின் காற்று மைக்கில் நேராக மோதினால் அந்தப் பதிவு அவ்வளவுதான். பத்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் விசிறி என்று மாற்றி மாற்றிச் செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. குளிர்பதனப் பெட்டியை நிறுத்துகிறவர்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பச் சாவியைத் தேடும்போது பெட்டியைத் திரும்ப ஓடவிட ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் ஒரு தூக்கு இட்லி மாவு பொங்கி வழிந்த பிறகு கற்றுக்கொண்ட பாடம் இது. விடாமல் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பல நேரம் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம்? கண்டென்சருக்கு ஒரு சாண், டைனமிக்குக்கு நான்கு விரல் என்று தொடங்கலாம். மிக நெருங்கினால் குரலின் அடித்தொனி கூடும். வானொலி அறிவிப்பாளர் போல இருக்கிறதே என்று மயங்கி இன்னும் நெருங்குவோம். அரை மணி நேரத்தில் கேட்பவருக்குக் காது கனத்துவிடும். 'பத்து', 'புகை', 'அப்பா' என்று பகரம் வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதித் தொம்மென்று ஒலிக்கும். மைக்குக்கு முன்னால் வைத்து அந்தக் காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் இல்லையென்றால் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் ஓரமாகக் காற்று போகும்படி பேசுங்கள். புளூ யெட்டி போன்ற மைக்குகளுக்குக் காது தலையில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. அதன் உச்சியைப் பார்த்துப் பேசுகிற படங்களை இணையத்தில் எங்கும் பார்க்கலாம்.

ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவே ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைச் சரியாக ஒட்ட முடியாது. பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, எம்பி3யைக் கடைசியில் எடுங்கள்.

ஒருமுறை இரண்டு மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்தேன். பிறகுதான் தெரிந்தது, கணினி என் மைக்கைக் கேட்கவே இல்லை. மடிக்கணினிக்குள் இருக்கும் மைக்கில்தான் அத்தனையும் பதிவாகியிருந்தது. அன்றிலிருந்து பதிவுப் பொத்தானை அழுத்தியதும் மைக்கின் வலையை நகத்தால் ஒருமுறை சுரண்டுகிறேன். திரையில் அலை துள்ளினால்தான் வாய் திறப்பது.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் பதிவு கெடுகிற இடம் ஒன்று உண்டு. அது வாசிப்பு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. 'அவர்கள் அன்றிரவு ஊரைவிட்டுப் போகவில்லை' என்பதில் போனார்களா இல்லையா என்பது கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. புதிதாக வாசிப்பவருக்கு அந்த இடத்துக்கு வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும். குரல் இறங்கி, வால் விழுங்கப்படும். முழுச் செய்தியும் அதோடு போய்விடும். எங்கே மூச்சு எடுப்பது என்று தாளில் முன்கூட்டியே கோடு போடுங்கள். நீண்ட வாக்கியத்தை எழுத்திலேயே உடையுங்கள். '1,250', '1967' போன்றவற்றை எழுத்தாலும் எழுதி வைத்துக்கொண்டால், வாசிக்கும்போது நாக்கு ஆயிரத்துக்கும் நூறுக்கும் இடையில் தத்தளிக்காது.

அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிந்து வைக்காமல் எழுந்துவிடாதீர்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த அமைதிதான் மாதிரி. வாக்கியங்களுக்கிடையே ஒட்டுப்போடவும் அதுதான் உதவும். ஆனால் இரைச்சல் நீக்கியை அளவாகப் போடுங்கள். அழுத்திப் போட்டால் குரல் கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். லேசான இரைச்சலை யாரும் பொறுத்துக்கொள்வார்கள், அந்தத் தண்ணீர்க் குரலைப் பொறுக்க மாட்டார்கள்.

பிழைத் திருத்தம் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். ஒரே ஒரு சொல்லை மறுபடி பதிந்து ஒட்டினால், பக்கத்து வீட்டுக்காரர் நடுவில் புகுந்து பேசியது போல் தனியாகத் தெரியும். முதல் நாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு பேசியிருப்பீர்கள், இன்று மாலையில் பேசுவீர்கள்; நாற்காலியும் அரை அடி நகர்ந்திருக்கும். அதனால் மைக்கின் உயரம், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் எண், பதிந்த நேரம் மூன்றையும் குறித்து வைக்கிறேன். நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். வீடு துடைக்கும் நாளில் அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.