பிளஸ் டூ ஆங்கிலம்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தாளில் கவிதைப் பத்தி இப்படி ஆரம்பித்தது: இதை எழுதியவர் புகழ்பெற்ற கவிஞர், கவிதை மிக இனிமையானது, எளிய சொற்களில் உயர்ந்த கருத்தைச் சொல்கிறது. இரண்டாவது தாளிலும் அதே வரிகள். ஏழாவது தாளில் தலைப்பை மாற்ற மறந்துபோய் வேறொரு கவிதையின் பெயரையே எழுதியிருந்தது ஒரு பிள்ளை. மற்றபடி எழுத்துக்கு எழுத்து அதே பத்திதான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வேலையைச் செய்தவள். அதனால்தான் அந்தக் கட்டை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்பெல்லிங், கையெழுத்து, கேள்வி எண்ணைச் சரியாகப் போடுவது எல்லாம் எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன். 2019-ல் வந்த தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டப் புத்தகத்தை வைத்தே பேசுகிறேன். நான் தினமும் நடத்துவது அதைத்தான்.

காமன் பாராகிராஃப்

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கவிதையைக் கேட்டாலும் எழுதுகிற மாதிரி ஒரே பத்தி. தலைப்புக்கும் கவிஞர் பெயருக்கும் மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருக்கும். தேர்வில் அந்தக் கோட்டை நிரப்பினால் போதும். முன்பு ஜெராக்ஸில் சுற்றியது, இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உரைநடைக்கு ஒன்று, துணைப்பாடத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் உண்டு.

இது எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் நின்றுபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கரையேற்ற யாரோ ஓர் ஆசிரியர் இரக்கப்பட்டுச் செய்தது. 35 மதிப்பெண்ணுக்குத் திணறுகிற பிள்ளைக்கு அதில் கிடைக்கும் ஒன்றிரண்டும் பெரிது. அந்தப் பிள்ளையிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். 80 எடுக்கக்கூடிய பிள்ளைகளும் அதையே கையில் எடுக்கும்போதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. "எதுக்கு ரிஸ்க்கு?" என்று டியூஷனில் கேட்கிறார்கள், வீட்டிலும் கேட்கிறார்கள்.

மதிப்பெண் கணக்கில் பார்த்தாலே இது நஷ்டம். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. கவிதையிலிருந்து 5 மதிப்பெண் பத்தி மட்டுமா வருகிறது? வரிகளைக் கொடுத்துக் கேட்கும் 2 மதிப்பெண் கேள்வி வருகிறது, இடம் சுட்டிப் பொருள் விளக்கும் 3 மதிப்பெண் கேள்வி வருகிறது. அதே ஆறு கவிதைகள்தான், அதே வரிகள்தான். பொதுப் பத்தியை உருப்போட்ட பிள்ளை கவிதைப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்காது. ஓர் இடத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்து மூன்று இடத்தில் விடுகிறது.

இந்த வருஷம் என்னை மிகவும் வாட்டியது ஒரே ஒரு தாள். கேட்டிருந்தது தோரு தத் எழுதிய 'அவர் காஷுவரினா ட்ரீ'. காஷுவரினா என்றால் நம் சவுக்கு மரம். எழுதியிருந்த பெண்ணின் ஊர் கடலோரம். அவளைக் கூப்பிட்டு, "சவுக்கு மரம் பார்த்திருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா சவுக்குத் தோப்புதான் மிஸ் குத்தகைக்கு எடுத்திருக்காரு. பந்தக்காலுக்கு, சாரம் கட்டறதுக்கு வெட்டிட்டுப் போவாங்க."

"தோப்புக்குள்ள நின்னா என்ன கேக்கும்?"

கொஞ்சம் யோசித்தாள். "காத்தடிச்சா கடல் சத்தம் மாதிரியே இருக்கும் மிஸ். ராத்திரியில யாரோ அழுற மாதிரி இருக்கும். சின்ன வயசுல பயமா இருக்கும்."

புத்தகத்தைத் திறந்து அந்த வரிகளைக் காட்டினேன். ஒப்பாரி போன்ற அந்த முணுமுணுப்பு என்ன என்று கவிஞர் கேட்கிறார். கூழாங்கல் கரையில் கடல் வந்து மோதுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். மரம் அழுகிறது என்று அவரே பதிலும் சொல்கிறார். 17 வயதுப் பெண் தன் அப்பாவின் தோப்பில் கேட்ட சத்தத்தை, 1877-ல் 21 வயதில் இறந்துபோன ஒரு கல்கத்தாப் பெண் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் இருந்த அத்தனை பேரையும்விட அந்தக் கவிதைக்கு நெருக்கமானவள் இவள். விடைத்தாளில் எழுதியிருந்ததோ, 'கவிதை இயற்கையின் அழகை இனிமையாக வருணிக்கிறது' என்று.

அந்த வரி தவறும்கூட. மரத்தின் அழகுக்காக அது எனக்குப் பிரியமானதில்லை என்று கவிஞரே நடுவில் நிறுத்திச் சொல்கிறார். அதன் நிழலில் சேர்ந்து விளையாடியவர்களுக்காகத்தான் பிரியம் என்கிறார். அண்ணன் அப்ஜு 1865-ல் போய்விட்டார், அக்கா ஆரு 1874-ல். கவிதையில் மரம் அழுவது அதனால்தான். பிரான்சிலோ இத்தாலியிலோ கடற்கரையில் நிற்கும்போதும் அந்த அழுகை காதில் விழுந்தது என்கிறார். இதை 'இயற்கைக் கவிதை' என்று முடித்துவிட்டால் கவிதையில் பாதிக்கு மேல் கண்ணில் படவே இல்லை என்று அர்த்தம்.

என் கதைக்கு வருகிறேன். நான் பிளஸ் டூ படித்தபோது ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், மொத்தம் 200 மதிப்பெண். கைடில் இருந்த கட்டுரைகளைக் காற்புள்ளி மாறாமல் ஒப்பித்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தைரியத்தில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். முதல் மாதமே பேராசிரியர் தலைப்பும் பெயரும் இல்லாத பதினான்கு வரிக் கவிதை ஒன்றைக் கொடுத்து, தோன்றுவதை எழுதுங்கள் என்றார். ஒரு மணி நேரம். என்னால் ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தது. ஆனால் எங்கே பிடித்துக்கொண்டு உள்ளே போவது என்று தெரியவில்லை, ஏனென்றால் அதுவரை யாரோ போய்வந்து சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

சரி, என்ன செய்வது? கைடைத் திறப்பதற்கு முன் கவிதையை மூன்று தடவை வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லுக்கு மேல் தமிழில் பொருள் எழுதிக்கொள்வதில் தப்பே இல்லை. அப்புறம் ஒரே ஒரு இடத்தைத் தேடுங்கள்: கவிதை எங்கே திரும்புகிறது? 'பட்', 'யெட்' மாதிரிச் சின்னச் சொல்லில்தான் பெரும்பாலும் திரும்பும். தோரு தத்தின் கவிதையில் அது 'பட்'. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று இரண்டு வாக்கியம் சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணப் பிழை இருக்கட்டும். அந்த இரண்டு வாக்கியத்தைச் சுற்றி 150 வார்த்தைப் பத்தியைக் கட்டலாம். கைடை அதற்குப் பிறகு திறந்தால் அது உதவும்.

அந்தப் பெண் இரண்டாவது தடவை எழுதிக் கொண்டுவந்ததில் காலப் பிழை மூன்று இருந்தது. அப்பாவின் தோப்பும் இருந்தது. அந்தப் பத்திக்கு 5-க்கு 4 போட்டேன்.

பேசுவது யார்?

'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' பற்றி எழுதும்போது எல்லாரும் 'ஷேக்ஸ்பியர் சொல்கிறார்' என்றே தொடங்குகிறார்கள். சொல்வது ஜேக்விஸ். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் எதைப் பார்த்தாலும் மனம் சோர்ந்துபோகிற ஒரு பாத்திரம். மனித வாழ்க்கையை ஏழு பருவமாகப் பிரித்து, கடைசியில் பல்லும் போய்க் கண்ணும் போய் எல்லாம் போன கிழப்பருவத்தில் முடிக்கிறான்.

நம் புத்தகத்தில் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. நாடகத்தில் அடுத்த நொடி என்ன நடக்கிறது தெரியுமா? ஆர்லாண்டோ உள்ளே வருகிறான், ஏறக்குறைய 80 வயதான ஆடம் என்ற பழைய வேலைக்காரரைச் சுமந்துகொண்டு. எஜமானனின் மகனுக்காகத் தன் சேமிப்பு அத்தனையையும் கொடுத்துவிட்டுக் கூடவே கிளம்பி வந்த மனிதர் அந்த ஆடம். முதுமை என்றால் ஒன்றுமே மிஞ்சாது என்று ஒருவன் சொல்லி வாய் மூடுவதற்குள், அப்படி இல்லாத ஒரு முதியவரை ஷேக்ஸ்பியர் மேடைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். ஜேக்விஸ் பேச்சையே ஷேக்ஸ்பியரின் கருத்தாக எழுதினால் இது அத்தனையும் போய்விடும். பத்தியில் இந்த ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள், திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

டென்னிசனின் 'யுலிசிஸ்' கவிதையிலும் இதே கதைதான். பேசுவது கவிஞர் இல்லை, இத்தாகா தீவின் அரசன் யுலிசிஸ்.

'நெவர் கிவ் அப்'

அந்த 'யுலிசிஸ்' கவிதைக்கு எல்லாத் தாளிலும் கடைசி வரி இதுதான். விடாமுயற்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் ஐந்து வரியைப் படித்தீர்களா? தன் மனைவிக்கு வயதாகிவிட்டது என்று அலுத்துக்கொள்கிறான். தான் ஆள்கிற மக்களைக் காட்டுமிராண்டிகள் என்கிறான், தின்று தூங்கிச் சேர்த்து வைப்பவர்கள், தன்னைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்கிறான். ராஜ்யத்தை மகன் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறப் போகிறான். அவனை மட்டுமே பார்த்தால் வீரம். இத்தாகாவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால்? இரண்டையும் எழுதுங்கள். கவிதையில் இரண்டும் இருக்கிறது.

அணியின் பெயரோடு நின்றுவிடுவது

'இது சிமிலி' என்று எழுதினால் கேள்விக்குப் பதில் ஆகிவிடும், மதிப்பெண்ணும் வரும். பத்தியில் அது போதாது. அந்த உவமை அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒரு வாக்கியம் வேண்டும்.

மறுபடியும் சவுக்கு மரத்துக்கே போவோம். மரத்தைச் சுற்றி ஏறும் கொடியை மலைப்பாம்பு என்கிறார் தோரு தத். தண்டில் தழும்பு விழுகிற அளவுக்கு இறுக்குகிறது, வேறு மரமாக இருந்தால் பிழைக்காது. சில வரிகள் தள்ளி அதே கொடியை மரம் கம்பீரமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சால்வை என்கிறார். மலைப்பாம்பு சால்வையாகிவிட்டது! கொடி மாறவில்லை, மரத்தின் திடம் தெரிந்துவிட்டது. 'சிமிலி, மெட்டஃபர்' (உவமை, உருவகம்) என்று இரண்டு பெயரை எழுதி வைப்பவர்களுக்கு அந்த மாற்றம் தெரிவதே இல்லை.

'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்'

எந்தக் கட்டுரையையும் இப்படித் தொடங்காதீர்கள்.

மேற்கோள்

நினைவில்லாத மேற்கோளை ஊகித்து எழுத வேண்டாம். சரியாகத் தெரிந்த நாலு சொல் போதும்.

கி.ரா.வைக் கைடில் படிப்பது

'தி சேர்' என்ற பாடம் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதை. தமிழ்க் கதை. இடைசெவல்காரர் எழுதியது. ஆங்கிலம் வரவில்லை என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? அதையும் கைடின் சுருக்கத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். நூலகத்தில் தமிழ்ப் பிரதியைத் தேடி எடுங்கள், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்புறம் ஆங்கிலப் பாடத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். ஒரு பத்தியை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்த்தவர் அதை எப்படிச் செய்திருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். ஒரு வருஷம் இலக்கணப் பயிற்சி செய்தால் வருகிற தெளிவு இதில் வரும், என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றை உங்களுக்கும் தருகிறேன். வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் உட்கார இருந்தது முக்காலி. அதிலிருந்து அவர் விழுந்துவிட்டதால்தான் வீட்டில் நாற்காலி செய்யும் யோசனையே வருகிறது. மூன்று கால் போய் நாலு கால் வருவது தமிழில் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. 'சேர்' என்ற சொல்லில் எத்தனை கால் என்ற கணக்கே இல்லை. இதை ஆங்கிலத்தில் கொண்டுவர நீங்கள் என்ன செய்வீர்கள்? நாலு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்.