ரிவர்ஸ் ப்ராக்ஸி வழியே ஃபைல் ஊர்ந்து வந்தால் எங்கே பார்ப்பது?

க்ளையன்டுக்கும் (உங்கள் கணினி) பின்னால் உள்ள சர்வருக்கும் நடுவே நின்று ஃபைலைக் கடத்துவதுதான் ரிவர்ஸ் ப்ராக்ஸி; இங்கே அது என்ஜின்எக்ஸ் (Nginx). அதன் கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்) கை வைக்கும் முன், சர்வர்-ப்ராக்ஸி, ப்ராக்ஸி-க்ளையன்ட் என்ற இரண்டில் எந்தப் பாதி இழுத்தடிக்கிறது என்று அளந்துவிடுங்கள். ப்ராக்ஸி ஓடும் மெஷினில் இருந்தே கர்ல் (curl, ஃபைலை இறக்க உதவும்) கட்டளையால், பின்னால் உள்ள சர்வரிலிருந்து 2 ஜிபி ஃபைல் ஒன்றை நேரடியாக இறக்குங்கள். பிறகு அதே ஃபைலை உங்கள் கணினியிலிருந்து ப்ராக்ஸி வழியே இறக்குங்கள். முதலாவதே மெதுவென்றால் ப்ராக்ஸியைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகம் நொடிக்கு 11, 12 எம்பியிலேயே நின்றால், ஏதோ ஒரு லிங்க் ஜிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட்டில் இணைந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது மட்டும் மெதுவென்றால், உங்கள் கணினிக்கும் ப்ராக்ஸிக்கும் இடையே ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவி) ஓட்டுங்கள். நெட்வொர்க் சரியாக இருந்தால், என்ஜின்எக்ஸில் முதல் சந்தேகம் பஃபரிங்தான், அதாவது வரும் தரவை இடையில் தேக்கி வைப்பது. சர்வர் வேகமாகத் தருவதை க்ளையன்ட் அதே வேகத்தில் வாங்காதபோது, நினைவகத்தில் உள்ள சிறு பஃபர்கள் நிரம்பி, மீதி டிஸ்க்கில் தற்காலிக ஃபைலாக எழுதப்படும். டிஸ்க் மெதுவானால் எல்லாமே மெது. எரர் லாக்கை (பிழைப் பதிவை) வார்ன் (எச்சரிக்கை) நிலையில் வைத்தால் இது ஒரு வரியாகப் பதிவாகும். இந்தத் தற்காலிக ஃபைலுக்கு இயல்பான உச்சவரம்பு 1 ஜிபி. டவுன்லோட் 1 ஜிபியைத் தாண்டியதும் அறுந்துபோகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: வரம்பு நிறைந்ததும் ப்ராக்ஸி வாசிப்பதைத் தாமதிக்க, காத்திருந்து சலித்த சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும்.

பெரிய ஃபைல்கள் போகும் லொகேஷனில் (கான்ஃபிக்கில் குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கான பகுதி) மட்டும் ப்ராக்ஸி_மேக்ஸ்_டெம்ப்_ஃபைல்_சைஸ் மதிப்பை 0 ஆக்குங்கள். பஃபரிங்கையே அணைப்பதைவிட இது மேல். நினைவக பஃபர்களாவது மிஞ்சும். ஆனால் க்ளையன்ட் வாங்கி முடிக்கும்வரை சர்வரின் இணைப்பும் பிடிபட்டே இருக்கும். அதனால் சர்வரின் டைம்அவுட்டையும் கூட்டிவிடுங்கள்.

அப்லோடில் கதை வேறு. முழு ஃபைலையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே ப்ராக்ஸி அதைப் பின்னால் அனுப்பும். அப்லோட் முன்னேற்றத்தைக் காட்டும் பார் 100 சதவீதத்தில் போய் உறைந்து நிற்பது அதனால்தான். ப்ராக்ஸி_ரிக்வெஸ்ட்_பஃபரிங்கை அணைத்து, சர்வருடன் பேசும் எச்டிடிபி பதிப்பை 1.1 ஆக வையுங்கள். (413 பிழை வந்தால் அது வேக விவகாரமே அல்ல, அப்லோட் அளவுக்கான இயல்பு வரம்பு 1 எம்பி.) அணைத்த பின்னும் மெதுவென்றால், கர்ல் கட்டளையை எச்டிடிபி 1.1-லும் 2-லும் ஓட்டி ஒப்பிடுங்கள். எச்டிடிபி 2-ல் ஒரு சுற்றுக்கு 64 கேபிதான் அனுமதி என்றால், போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகும் பாதையில் நொடிக்கு 640 கேபியைத் தாண்டாது. அந்த அனுமதியைக் கூட்ட க்ளையன்ட்_பாடி_பஃபர்_சைஸை உயர்த்திப் பாருங்கள்.

ஜிப், வீடியோ ஃபைல்களுக்கு ஜிஜிப் (அனுப்பும்போது சுருக்குவது) வேண்டாம், அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, சிபியு வீண்.

கான்ஃபிக்கை ரீலோட் செய்த பின் புதிதாக டவுன்லோடைத் தொடங்கிச் சோதியுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது பழைய வொர்க்கரிடம் (என்ஜின்எக்ஸின் வேலை செய்யும் ப்ராசஸ்), பழைய கான்ஃபிக்கிலேயே முடியும்.